நீர்வீழ்ச்சியில் சாய்கோடுகள்

அத்தியாயம் 5

மணி பதினொன்றரை. அந்த வீட்டில் மின்விசிறி மட்டும்தான் பதற்றமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலையிலிருந்து சுற்றுகிறது. அதைப் போட்டுவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இன்று புதன்.

"சனிக்கிழமைதான் கடைசியா டயாலிசிஸ் பண்ணினது" என்றாள் அவருடைய தங்கை. அழுது அழுது குரல் கரகரத்துப் போயிருந்தது. "நேத்து போயிருக்கணும். போகல. ரெண்டு கிட்னியும் வேலை செய்யாத ஆளு மேடம். நாலு நாள் ஆச்சு. எங்க விழுந்து கிடக்காரோ…"

சர்வேயர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்துப் பொய் எது, புகை எது என்று பிரித்தவர். வேலையை விட்டுத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பழைய பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடவே ஒட்டிக்கொண்டவன் ரேடியோ. நிறுத்தும் பொத்தான் இல்லாத வாய் என்பதால் அந்தப் பெயர்.

ஒற்றை அறை வீடு. கட்டில், மேஜை, மேஜையில் திறந்தபடி ஒரு லேப்டாப். சுவரோரம் சார்ஜில் கிடந்த போன். மேஜை இழுப்பறையில் பணப்பை.

"போனையும் பர்ஸையும் வச்சுட்டுப் போனவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு போலீஸ் சொல்லுது" என்றாள் தங்கை. "அதோட இந்த மெசேஜ் வேற."

தன் போனை நீட்டினாள். திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணன் அனுப்பியது.

'இன்னையோட நீர்வீழ்ச்சி. அப்புறம் எல்லாம் முடிஞ்சுது.'

"நாற்பது கிலோமீட்டர்ல ஒரு அருவி இருக்கு. நேத்து காலைல இருந்து அங்க ஆளை இறக்கித் தேடறாங்க. என் வீட்டுக்காரரும் அங்கதான் நிக்கறார்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் என் கிட்னியை எடுத்து அவருக்கு வைக்கறதா இருந்துச்சு. தங்கச்சிக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னுதான் போயிட்டார். எனக்குத் தெரியும்."

கடைசி இரண்டு சொற்களை அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சர்வேயர் அதைக் கவனித்தார். கேட்கவில்லை.

"அக்கா" என்றான் ரேடியோ லேப்டாப்பின் முன்னாலிருந்து. "இங்கயும் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கு. நனையாமலே தேடலாம்."

திரையில் ஒரு வீடியோ கேம் பாதியில் நின்றிருந்தது. கட்டம் கட்டமாக வரைந்த மலை, கட்டம் கட்டமான மனிதன், நடுவில் அருவி.

"அண்ணனோட வேலை அதுதான்" என்றாள் தங்கை. "பழைய காலத்து கேம் மாதிரியே புதுசா பண்றது. ரெண்டு வருஷமா இதையேதான் வரையறார்."

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு மணிக்கு மெசேஜ் அனுப்பறப்ப இது கண்ணெதிர்ல இருந்திருக்கு. அப்ப எந்த நீர்வீழ்ச்சியைச் சொல்லியிருப்பார்?"

தங்கை பாய்ந்து வந்தாள். "அப்படின்னா இதுக்குள்ள ஏதாவது எழுதி வச்சிருக்காரா? எனக்கா? பாருங்க சார், அந்த அருவிக்குப் பின்னால போங்க!"

ரேடியோ அந்தக் குட்டி மனிதனை நடத்திக்கொண்டு போய் அருவிக்குப் பின்னால் விட்டான். பாறை. இடமும் வலமும் நடத்தினான். பாறை. குதிக்க வைத்தான். தலை பாறையில் இடித்தது. எழுத்து இல்லை, அடையாளம் இல்லை, ஒன்றுமில்லை.

தங்கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் சர்வேயர். "தண்ணிக்குப் பின்னாடி போனதும் ஆள் மங்கலாத் தெரியறான். இதை எப்படி வரைஞ்சார்?"

"வரையல. ஏமாத்தியிருக்கார்." ரேடியோ ஒரு விசையைத் தட்டினான். அருவி மறைந்து, ஒரு நீலக் கோடு, ஒரு காலிக் கோடு, மறுபடி ஒரு நீலக் கோடு என்று சீப்பைத் தொங்கவிட்டதுபோல் ஆயிற்று. "நிஜப் படம் இதுதான். பழைய டிவிக்கு ஒரே மஞ்சள் கேபிள். நிறம், வெளிச்சம் எல்லாம் ஒரே பஸ்ல ஏறி நசுங்கிப் போய்ச் சேரும். அதுல பக்கத்துப் பக்கத்துக் கோடு கலந்து கண்ணாடித் தண்ணி ஆயிடும். இப்ப வர்ற திரையெல்லாம் ரொம்பச் சுத்தம், கோடு கோடாவே காட்டிக் குடுத்துடும். அதனால ஒரு நிரலைப் போட்டு படத்தைத் திரும்பவும் கெடுக்கணும். ஷேடர்னு பேரு."

"கெடுக்கறதுக்குன்னே ஒண்ணா?"

"எங்க வீட்ல அதுக்கு என்னை வச்சிருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோவும் சிரிக்கவில்லை. ஷேடரின் அமைப்புகளைத் திறந்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட எண்கள் வரிசையாக இறங்கின. எவ்வளவு கலங்கல், எவ்வளவு கசிவு, எவ்வளவு நடுக்கம். கோப்புக்கு ஒரு பெயர் இருந்தது: 'அப்பா டிவி'.

"எல்லாத்தையும் பூஜ்யமாக்கு" என்றார் சர்வேயர். "ஒவ்வொரு எண்ணையும் தனியா கூப்பிட்டு விசாரிப்போம்."

முதல் எண்ணை ஏற்றினான். கோடுகள் குழைந்து தண்ணீராயின. இரண்டாவதை ஏற்றினான். குட்டி மனிதனின் சிவப்புச் சட்டை வலப்பக்கம் கசிந்து காற்றில் பரவியது.

"எவ்வளவு வச்சிருக்கார்?"

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு மூணு அஞ்சு. பழைய பதிவையும் பாருங்க. முதல்ல பன்னண்டு. அப்புறம் பதினாலு, பதிமூணு, கடைசில பதிமூணரை. அறுபத்தோரு தடவை மாத்தியிருக்கார் அக்கா. என் சட்டையைத் தைச்ச டெய்லர்கூட இவ்வளவு அளந்ததில்ல."

சர்வேயர் முன்னால் சாய்ந்தார். "நினைவுல இருந்து பண்றவங்க 'கொஞ்சம் சிவப்பு'ன்னு விட்டுடுவாங்க. பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல போய் நிக்கறவர் எதையோ பக்கத்துல வச்சு ஒப்பிட்டிருக்கார். இது ஏதோ ஒரு டிவி இல்ல. ஒரே ஒரு டிவி. அது இன்னும் ஓடுது. அதுக்கு எதிர்ல லேப்டாப்போட போய் உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருக்கார்." தங்கையின் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாவோட டிவி இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அப்பாவோட டிவியா?" அவள் விழித்தாள். "எங்க வீட்ல டிவியே இருந்ததில்ல மேடம். அப்பா போனப்ப எனக்கு ரெண்டு வயசு, அண்ணனுக்குப் பதிமூணு. அம்மா எப்பவும் சொல்வாங்க, வாடகை வீட்டுக்கு டிவி எதுக்குன்னு."

மணி பன்னிரண்டு ஐந்து. ரேடியோ மற்ற எண்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனான். நிழல், மங்கல், ஓர வளைவு. எல்லா டிவிக்கும் பொருந்துகிற சாதாரணக் குறைகள். விசாரணைக்கு வந்த எண்கள் எதுவும் வாயைத் திறக்கவில்லை. தங்கையின் போன் அடித்தது. அருவியிலிருந்து அவள் கணவன். "இன்னும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அப்போது திரையில் சாய்வான கோடுகள் ஓடின. அருவியின் மேலிருந்து கீழாகப் பொடிப்பொடியாக, சில விநாடிகள். பிறகு நின்றுவிட்டன.

"இது என்ன?"

"ஏதோ பிழை. இந்த நாலு வரி மட்டும் அவரே கையால எழுதிச் சேர்த்திருக்கார். நடுநடுவுல கோடு ஓட விடுது." ரேடியோ விரலை நீட்டினான். "எத்தனை விநாடி ஓடணும்னு ஒரு பட்டியல். அஞ்சு, ஒன்பது, பதிமூணு, பதினேழு, இருபத்தொண்ணு, இருபத்தஞ்சு. ஒவ்வொரு தடவையும் இதுல ஏதோ ஒண்ணு தற்செயலா வரும்."

"பதிமூணரை வரைக்கும் போய் அளக்கறவர் வேலையில பிழையா? நிஜ டிவில கோடு ஓடியிருக்கு. அதை எழுதியிருக்கார். பழைய டிவில எப்ப இப்படி ஓடும்?"

"பக்கத்துல மோட்டார் ஓடினா. மிக்ஸி, தண்ணி பம்ப், பக்கத்து வீட்டுக்காரரோட ஷேவிங் மெஷின்…"

"அந்த மோட்டார் ஏன் ஏழு விநாடி ஓட மாட்டேங்குது? ஏன் பத்து இல்ல?"

ரேடியோ பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே படித்தான்.

"நாலு நாலா ஏறுது" என்றார் சர்வேயர். "கிளம்பறதுக்கு ஒரு விநாடி. அப்புறம் நாலு விநாடிக்கு ஒரு தடவைதான் நிக்கறதுக்கு இடம். அஞ்சுன்னா ஒரு இடம் தாண்டியிருக்கு, இருபத்தஞ்சுன்னா ஆறு இடம். அதுக்கு மேல போகவே இல்ல."

"லிஃப்ட்!" என்று கத்தினான் ரேடியோ. "ஆறு மாடி!"

சர்வேயர் தங்கையின் தோளைப் பிடித்தார். "உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்மா?"

"லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் நேரா அவர்கிட்டதான் போவாராம். எந்தக் கட்டடம்னு தெரியாது மேடம்… நான் கேட்டதே இல்ல."

"டிவி இருந்தது வீட்ல இல்ல. மொட்டைமாடி மோட்டார் அறையில. தேடறதுக்கு ஊர் பூரா சுத்த வேணாம். போன் சார்ஜ்ல இருக்கு, பர்ஸ் இழுப்பறையில, ஃபேன் ஓடுது. அஞ்சு நிமிஷத்துல திரும்பறவர்தான் இப்படிப் போவார்."

சர்வேயர் ஜன்னலைத் திறந்தார். எதிரே ஒரு வங்கி, இரண்டு மாடி. அதற்குப் பின்னால் மூன்று மாடி வீடுகள். தெருக்கோடியில் பச்சை வலை போர்த்திய பழைய அலுவலகக் கட்டடம். ரேடியோ விரல்விட்டு மாடிகளை எண்ணினான். ஆறு. உச்சியில் தீப்பெட்டியை நிறுத்தி வைத்ததுபோல் ஒரு சிறிய அறை.

மூவரும் ஓடினார்கள்.

கட்டட வாசலில் காவலாளி கையை விரித்து மறித்தார். "உள்ள யாரும் இல்லைங்க. மராமத்து. திங்கட்கிழமையோட எல்லா ஆபீஸும் காலி பண்ணிட்டாங்க, கரண்ட்டும் இல்ல. வேலைக்காரங்க அடுத்த வாரம்தான் வருவாங்க."

"மேல ஒரு ஆள் இருக்கார். உடம்பு சரியில்லாதவர்" என்றார் சர்வேயர். "சாவியை எடுத்துக்கிட்டு வாங்க. திட்டறதை ஏறிக்கிட்டே திட்டுங்க."

லிஃப்ட் தரைத்தளத்தில் செத்துக் கிடந்தது. படிகள். சுண்ணாம்புத் தூசி, காலடியில் நொறுங்கும் காரை. ரேடியோ இரண்டிரண்டாகத் தாவினான். காவலாளி முனகிக்கொண்டே பின்னால் வந்தார். நான்காவது மாடியில் தங்கை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீங்க போங்க. நான் வரல."

சர்வேயர் இரண்டு படி இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. "காலைல டயாலிசிஸ் நர்ஸ்கிட்ட பேசினேன். ஆபரேஷனுக்குத் தேதியே இல்லன்னாங்க. குடுக்க இருந்தவங்க வேணாம்னு சொல்லிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை."

தங்கை கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்தாள்.

"நான்தான்" என்றாள். "எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு, கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை எடுத்தேன், கை வரல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பிள்ளைங்கன்னு… போன்லதான் சொன்னேன். நேர்ல சொல்றதுக்குக்கூட எனக்குத் தைரியம் இல்ல. அண்ணன் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சுட்டார். மறுநாள் காணோம். என் வீட்டுக்காரர்கிட்ட, போலீஸ்கிட்ட, உங்ககிட்ட, எல்லார்கிட்டயும் மாத்திச் சொன்னேன். நான் குடுக்கறேன், அவர்தான் வேணாம்னு ஓடிட்டார்னு." வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் மேடம் அவரைக் கொன்னுட்டேன். மேல போய் அதைப் பார்க்க என்னால முடியாது."

மேலிருந்து ரேடியோவின் குரல் இடிந்து விழுந்தது. "அக்கா! சாவி! சீக்கிரம்!"

ஆறாவது மாடிக்கு மேல் ஒரு குறுகிய படிக்கட்டு. அதன் முடிவில் இரும்புக் கதவு. அதில் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் உள்ளங்கையளவு ஒரு பூட்டு.

சர்வேயர் அந்தப் பூட்டையே பார்த்தார். பிறகு திரும்பி, கீழே நின்றவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"பூட்டு நம்ம பக்கம் இருக்கும்மா! சாகப் போறவர் உள்ள போய் வெளிய எப்படிப் பூட்டுவார்? யாரோ இவரை உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க!"

காவலாளியின் கையில் சாவிக்கொத்து கிலுகிலுத்தது. "திங்கக்கிழமை ஆறு மணிக்குத்தாங்க நான் பொறுப்பு எடுத்தேன். பகல்ல இருந்தவர் போயிட்டார். மேல யாரையாவது விட்டிருக்கேன்னு என்கிட்ட சொல்லவே இல்ல. நான் மேல இருந்து பூட்டிக்கிட்டே இறங்கினேன்."

"உள்ள எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. தலை குனிந்தது. மூன்றாவது சாவி சேர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்து எதிலோ இடித்து நின்றது. ரேடியோ தோளை நுழைத்துப் பார்த்தான். கதவின் உள்பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நூற்றுக்கணக்கான வெள்ளைத் தழும்புகள், ஸ்பானரால் அடித்தடித்து விழுந்தவை. கீழே போகப் போக அவை மெலிந்து, தரைக்கு அருகில் வெறும் கீறல்களாக இருந்தன. அதற்கும் கீழே அவர் கிடந்தார். விரல்கள் இன்னும் ஸ்பானரை விடவில்லை.

"உயிர் இருக்கு!" ரேடியோவின் குரல் கீச்சிட்டது. "இருக்கு அக்கா!"

தங்கை எப்போது அந்த இரண்டு மாடியையும் ஏறி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். கண்கள் இரண்டும் உப்பியிருந்தன. உதடு வெடித்திருந்தது. மூச்சு ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்து வந்தது.

"அண்ணா. அண்ணா, நான்தான்."

கண்கள் திறந்தன. "என்ன கிழமை?"

"புதன்."

"டயாலிசிஸ்…" அவர் எழுந்திருக்க முயன்றார். "நேத்தே போயிருக்கணும். சீக்கிரம். தூக்குங்க என்னை."

சர்வேயர் ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கால் பக்கம் காவலாளி, தலை பக்கம் ரேடியோ. வாழ்நாளில் முதல்முறையாக ரேடியோ ஆறு மாடி தூரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆம்புலன்ஸில் அவருக்கு ஊசி போட்டார்கள். மருத்துவமனை வாசலில் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடச் சொன்னார். முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து தகவல் எதுவும் வரவில்லை. தங்கை நடைபாதையில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். கிடைத்துவிட்டார் என்றாள். மறுமுனையில் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும். பக்கத்துல போலீஸ்காரங்க இருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க. அண்ணன் என்னை வேணாம்னு சொல்லல. நான்தான் முடியாதுன்னு சொன்னேன். இத்தனை நாள் பொய் சொன்னேன்." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, கேட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

இரண்டேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். "மெஷின்ல போட்டாச்சு. இதயம் தாறுமாறா அடிச்சிட்டு இருந்துச்சு, இப்ப பரவாயில்ல. ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லாம கிடந்திருக்கார். ஒரு வகைல அதுதான் காப்பாத்தியிருக்கு, நுரையீரல்ல தண்ணி ஏறல. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா நான் இதைப் பேசிட்டு இருக்க மாட்டேன். ஒருத்தர் மட்டும் உள்ள போகலாம்."

தங்கை நகரவில்லை. சர்வேயர் அவள் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசியது வெளியே கேட்டது.

"கோவமாண்ணா?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது, வறண்டு.

"ஞாயித்துக்கிழமை பூரா கோவம். தூங்கல. உன் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன். திங்கக்கிழமை வேலை இருந்துச்சு. கட்டடத்தை மூடறாங்க, டிவியைக் கடைசியா ஒரு தடவை பார்த்து அந்த அருவியை முடிச்சுடணும்னு மேல போனேன்."

"செத்துப் போகப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"ரெண்டு வருஷமா வரைஞ்சதை விட்டுட்டா? லூசு."

"நான் குடுக்கறேண்ணா. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"இன்னைக்கு என்ன கேட்டாலும் நீ குடுத்துடுவ. இன்னைக்குச் சொல்லாத." மூச்சு வாங்கிக்கொண்டார். "கிட்னிக்கு என் பேர் வரிசைல இருக்கு. வேற யாராவது குடுக்கலாம். குடுக்காமலும் போகலாம்."

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள், மிக மெதுவாக.

"தெரியுது. கை நடுங்குதே. மெஷின் இன்னும் எவ்வளவு நேரம் ஓடணுமாம்?"

"ரெண்டரை மணி நேரம்."

"இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளும் உள்ள வந்து உட்கார்ந்தது இல்ல. வாசல்ல விட்டுட்டுப் போயிடுவ."

நாற்காலி தரையில் உரசி இழுபடும் ஓசை கேட்டது. ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.